சாம்பார் கவரும் பில் ரோலும் என் தைராய்டும்

"கவர்ல சாம்பார் கட்டறத நிறுத்திட்டீங்களே, தைராய்டு குறைஞ்சுதுங்களா?" மெஸ்ஸுக்கு வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்டுவிட்டார்கள். குறையவில்லை. மாத்திரை அன்றைக்கும் 75 மைக்ரோகிராம், இன்றைக்கும் 75 மைக்ரோகிராம். குறையும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. எனக்கு இருப்பது ஹாஷிமோட்டோ. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைப் பகையாக நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிற நோய். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டி டி.பி.ஓ. பரிசோதனையில் அது சந்தேகமில்லாமல் தெரிந்தது. என் அம்மாவுக்கும் சித்திக்கும் இதே கதைதான். அதைக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக்கின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அப்புறம் எதற்கு இவ்வளவு மெனக்கெட்டாய் என்றால், ஓரகத்திக்காக. கோவையில் எங்கள் மெஸ் ஓடுவதே நாலு பேர் கையில்தான். வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் அடுப்படி, நான் கல்லா, ஓரகத்தி பார்சல் மேசை. அவள் முழுகாமல் இருந்தபோது முதல் ரத்தப் பரிசோதனையிலேயே, தைராய்டு குறைவைக் காட்டிக்கொடுக்கும் டி.எஸ்.எச். ஏறியிருந்தது. டாக்டர் தைராக்ஸின் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் பார்சல் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, நாள் பூரா கொதிக்கக் கொதிக்கக் கவர்ல ஊத்திக் கட்டறோம். அந்த ஆவி மூஞ்சில அடிக்குது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குங்களா?"

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல போ' என்று சொல்லிவிட முடியவில்லை. 'ஆமா, அதுதான் காரணம்' என்று சொல்லவும் முடியவில்லை. தேடிப் படித்ததில் பிடிபட்டதையும், மெஸ்ஸில் நடைமுறைக்கு வந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுரப்பியின் வேலை. சாப்பாட்டில் வரும் அயோடினை இழுத்து தைராய்டு இரண்டு ஹார்மோன் செய்கிறது. நாலு அயோடின் அணு இருந்தால் டி4 (மாத்திரையாக வரும் தைராக்ஸினும் இதுதான்), மூன்று இருந்தால் டி3. சுரப்பியிலிருந்து பெரும்பாலும் வெளியே வருவது டி4-தான். ரத்தத்தில் அது சில புரதங்களைப் பற்றிக்கொண்டு பயணம் போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் ஓர் அயோடின் கழன்று டி3 ஆகும். அந்த டி3 செல்லுக்குள் இருக்கும் ஏற்பியில் உட்கார்ந்தால்தான் உண்மையான வேலை தொடங்கும். ஹார்மோன் அளவு குறைந்தால் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.-ஐக் கூடுதலாக விட்டு தைராய்டை விரட்டும். தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறியிருப்பது இதனால்தான்.

பிளாஸ்டிக் சம்பந்தப்பட்ட ரசாயனங்கள் இந்த வழியில் ஒரே இடத்தில் குறுக்கிடுவதில்லை. சில கெட்டிப் பிளாஸ்டிக் செய்ய எடுக்கும் பிஸ்பீனால் ஏ-யின் அமைப்பு, இரண்டு பென்சீன் வளையத்தோடு, டி4-ஐக் கொஞ்சம் ஒத்திருக்கும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி அது டி3-யின் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆளும் இல்லை, அடுத்தவர் உட்காரவும் முடியாது. இதை 2002-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் செல்களில் சோதித்துக் காட்டினார்கள். 2005-இல் அமெரிக்காவில் எலிகளில் நடந்த ஆய்வில், பிஸ்பீனால் ஏ கொடுத்த தாய் எலிகளின் குட்டிகளுக்கு டி4 ஏறியது, டி.எஸ்.எச். மாறவே இல்லை. டி.எஸ்.எச். சரியாக இருக்கும்போதே செல்லுக்குள் குழப்பம் நடக்கலாம் என்பதற்கான குறிப்பு அது. எனக்கு வயிற்றைக் கலக்கிய இடமும் அதுதான்.

அடுத்தது சுமந்து போகிற புரதம். கம்ப்யூட்டர் போர்டுகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் டெட்ராபுரோமோ பிஸ்பீனால் ஏ, டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதத்தில் டி4-ஐவிட இறுக்கமாக ஒட்டுகிறது. சோதனைக்குழாயில் பார்த்தது இது. பி.வி.சி.-யை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் வேறு விதம். மாசசூசெட்ஸில் 400-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் செய்து 2007-இல் வெளியான ஆய்வில், சிறுநீரில் தாலேட் கழிவு அதிகம் இருந்தவர்களுக்கு ஃப்ரீ டி4-ம் (புரதத்தைப் பற்றாமல் தனியாக இருக்கும் டி4) டி3-யும் கொஞ்சம் குறைவாக இருந்தன.

கொஞ்சம்தான் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒருநாள் எடுத்த சிறுநீரையும் ரத்தத்தையும் ஒப்பிட்டவை. தெரிந்த வித்தியாசமும் பெரும்பாலும் நார்மல் அளவுக்குள்ளேயே. சில ஆய்வுகளில் ஒன்றும் தெரியவில்லை. இதை வைத்து 'பிளாஸ்டிக் டப்பாவால் தைராய்டு' என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். சென்னை உட்பட 8 நகரங்களில் எடுத்து 2013-இல் வெளியான கணக்கெடுப்பில், பெரியவர்களில் கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அத்தனை பேருக்கும் டப்பாதான் காரணம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

ஆனால் கருவில் இருக்கும் குழந்தை விஷயம் வேறு. ஏறக்குறைய 12 வாரம் வரை அதற்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் கிடையாது. மூளை உருவாகும் அந்தக் காலத்தில் அம்மாவின் டி4-தான் அதற்கும். பெரியவர்களுக்கு 'நார்மலுக்குள் கொஞ்சம் குறைவு' என்று தள்ளிவிடுவதை அங்கே அப்படித் தள்ள முடியாது. அதனால்தான் என் மாத்திரை குறையாவிட்டாலும் பார்சல் மேசையை மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

மாற்ற உட்கார்ந்தபோது வரிசையே தலைகீழாகிவிட்டது. எல்லாரும் பயப்படுகிற மெல்லிய வெள்ளைக் கவர் பாலித்தீன். அதற்கு பிஸ்பீனாலும் தேவையில்லை, வளையவைக்கத் தாலேட்டும் தேவையில்லை. அதில் பிரச்சினை பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த கவரும், அச்சடித்த மையும்தான். 2018-இல் வந்த உணவு பேக்கேஜிங் விதிகளே மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் சாப்பாடு கட்டக்கூடாது என்றுதான் சொன்னன. கடையில் வாங்கும் கவர் எதில் செய்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதனால் சூடான எதற்கும் கவர் வேண்டாம். அது சரிதான். ஆனால் எங்கள் கடையில் பிஸ்பீனால் நேராகக் கைக்கு வந்த இடம் கவர் இல்லை. என் கல்லாதான்.

பில் மெஷினில் போடும் ரோல் தெர்மல் பேப்பர். அதில் மை கிடையாது. தாளின் மேல் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்டால் கறுக்கும். நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கறுப்பாகக் கோடு விழும். அந்தப் பூச்சில் நிறம் வரவைக்கிற பொருளாகத்தான் பிஸ்பீனால் ஏ அல்லது அதன் பங்காளியான பிஸ்பீனால் எஸ் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் இருப்பது மாதிரி கட்டுண்டு கிடக்காமல், தொட்டால் விரலில் ஒட்டும் நிலையில் இருக்கும். அமெரிக்காவில் சின்சினாட்டி பக்கம் கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், வேறு எந்த வேலை பார்ப்பவர்களையும்விட கேஷியர்களின் சிறுநீரில்தான் பிஸ்பீனால் ஏ அதிகம். மிசௌரி பல்கலைக்கழகத்தின் 2014 ஆய்வு இன்னும் நேரடியானது: சானிடைசர் போட்ட ஈரக் கையோடு பில்லைப் பிடித்து, அதே கையால் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் பிஸ்பீனால் மளமளவென்று ஏறியது. எங்கள் கடையில் சானிடைசர் பாட்டில் எங்கே இருந்தது? கல்லாவின் மேல், பில் மெஷினுக்குப் பக்கத்தில். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியிலிருந்தே தெர்மல் பேப்பரில் பிஸ்பீனால் ஏ-யைக் கட்டுப்படுத்திவிட்டது. நம் ஊரில் ரோல் விற்கிறவரிடம் கேட்டால் 'நல்ல வெள்ளையா இருக்குங்க' என்று பதில் வரும்.

இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு டோக்கன் புத்தகம். கேட்டால் மட்டும் பில். பார்சலுக்குப் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். முன்பெல்லாம் பில்லைச் சூடான பொட்டலத்தின் மேலேயே ஸ்டேப்ளர் பின் போட்டுக் கொடுப்போம், அதுவும் போயிற்று. பில் கிழித்த கையோடு நான் வடையை எடுத்துக் கடிப்பதில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான். கர்ப்பிணி யாராவது கல்லாவில் உட்காருகிற கடையாக இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது கையுறை. கொரோனாவுக்குப் பிறகு பார்சல் கட்டுகிறவர் கையுறை போட்டால்தான் வாடிக்கையாளருக்குத் திருப்தி. நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது வழவழவென்று இருக்கும் வினைல் கையுறை. வினைல் என்றால் வளையும் பி.வி.சி., அதாவது தாலேட் இருக்க நிறைய வாய்ப்பு. ஜப்பானில் கடைகளில் விற்கும் மதிய உணவுப் பெட்டிகளில் டி.இ.ஹெச்.பி. என்ற தாலேட் ஏகமாக இருந்ததைப் பார்த்து, எங்கிருந்து வருகிறது என்று துருவினார்கள். சமையல்காரர்கள் போட்டிருந்த பி.வி.சி. கையுறையிலிருந்து வந்தது. கிருமி போகட்டும் என்று அதில் ஆல்கஹால் தெளித்ததும் இன்னும் அதிகமாகக் கசிந்தது. 2000-இல் சாப்பாட்டு வேலைக்கு அந்தக் கையுறையே கூடாது என்று அந்நாட்டு அரசு நிறுத்தியது. சுத்தத்துக்காகப் போட்டதே சாப்பாட்டில் ரசாயனத்தைச் சேர்த்துவிட்டது பாருங்கள். நாங்கள் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைக்கு மாறினோம். விலை கூடத்தான். அதனால் எண்ணெய்ப் பலகாரம் எடுக்க இடுக்கி, சோற்றுக்குக் கரண்டி என்று கையுறைத் தேவையையே குறைத்தோம்.

மூன்றாவது ஹோஸ் பைப். அண்டாவுக்குத் தண்ணீர் பிடிக்கிற பச்சை ரப்பர் மாதிரியான குழாய் இருக்கிறதே, அது ரப்பர் இல்லை, வளையும் பி.வி.சி. எங்கள் பின்கட்டில் வெயிலில் சுருண்டு கிடக்கும். உள்ளே நின்ற தண்ணீர் வெந்நீராகி, திறந்ததும் பிளாஸ்டிக் வாடையோடு வரும். அந்த வாடைத் தண்ணீரில்தான் அரிசி களைந்துகொண்டிருந்தோம். இப்போது சமையலுக்கு நேராகக் குழாயில் குடம். ஹோஸ், தரை கழுவ மட்டும்.

வாட்டர் கேனைத் தூக்கி அடியில் பாருங்கள். முக்கோணத்துக்குள் 7 என்று போட்டு, கண்ணாடி மாதிரிக் கெட்டியாக இருந்தால் அது பெரும்பாலும் பாலிகார்பனேட், பிஸ்பீனால் ஏ-யால் ஆனது. 1 என்றால் பெட் (PET) என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். நாங்கள் 1 போட்ட கேனாகக் கேட்டு வாங்குகிறோம், வந்ததும் எவர்சில்வர் டிரம்மில் ஊற்றிவிடுகிறோம். வெயிலில் நிற்கும் ஆட்டோவிலிருந்து இறங்கும் கேனை இரண்டு நாள் அப்படியே வைத்துக் குடிப்பதைவிட இது மேல். 'பி.பி.ஏ. ஃப்ரீ', அதாவது பிஸ்பீனால் ஏ இல்லாதது, என்று கொட்டை எழுத்தில் போட்ட பாட்டிலுக்கு நான் பெரிய மரியாதை தருவதில்லை. ஏ-க்குப் பதில் எஸ், எஃப் என்று அதே குடும்பத்தின் ஆட்களைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. எவர்சில்வருக்கு லேபிளே தேவையில்லை.

இனி பார்சல். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு அது எப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரெய்டு வந்த வாரம் வாழை இலை, அடுத்த வாரம் கல்லாவுக்கு அடியிலிருந்து கவர். நாங்கள் முதலில் 'பாத்திரம் கொண்டுவந்தால் 5 ரூபாய் குறைவு' என்று போர்டு வைத்தோம். யாரும் சட்டை செய்யவில்லை. அத்தைதான் சொன்னார், "காசக் கொறைக்காத, சாம்பார ஒரு கரண்டி சேத்தி ஊத்து." மறுவாரமே தூக்குப்போசிகள் வரிசை கட்டின. ஐந்து ரூபாய்க்கு அசையாதவர் ஒரு கரண்டி சாம்பாருக்கு வீட்டிலிருந்து போசி எடுத்து வருகிறார்.

பாத்திரம் இல்லாமல் வருகிறவர்களுக்கு இட்லி, தோசை வாழை இலையில். சட்னி ஆறியது, அதைச் சின்ன பி.பி. (பாலிபுரொப்பிலீன்) டப்பாவில் கொடுப்பதில் எனக்குப் பெரிய உறுத்தல் இல்லை. அடியில் 5 போட்ட டப்பாவுக்கு பிஸ்பீனாலோ தாலேட்டோ தேவைப்படுவதில்லை. சாம்பார், ரசம், குருமா மூன்றுக்கும்தான் கண்டிப்பு. சூடு, எண்ணெய், நேரம் மூன்றும் சேரும் இடம் அது. வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் டப்பா கொடுத்தும் பார்த்தோம். பக்கத்து ஆபீஸ்காரர்களிடம் நன்றாகச் சுற்றுகிறது. பஸ் ஏறிப் போகிறவர்களிடம் போன டப்பா போனதுதான். டெலிவரி ஆப்களில் போகும் ஆர்டருக்கு இன்னமும் பி.பி. டப்பாதான். கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுகிறோம், அவ்வளவே முடிகிறது.

பேப்பர் கப்பும் தப்பவில்லை. உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. 2020-இல் கரக்பூர் ஐ.ஐ.டி. பார்த்ததில், 100 மில்லி சூடான திரவம் 15 நிமிஷம் நின்றால் 25,000 வாக்கில் நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்கின. தைராய்டுக்கும் அதற்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. கண்ணாடி கிளாஸில் டீ ருசியாக இருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

இதெல்லாம் வீண் வேலையா என்று வீட்டுக்காரர் கேட்டார். பிஸ்பீனாலும் தாலேட்டும் உடம்பில் தங்குவதில்லை, பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். தினமும் உள்ளே போவதால்தான் தினமும் இருக்கிறது. 2011-இல் கலிபோர்னியாவில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாள், பிளாஸ்டிக் படாத, டின்னில் அடைக்காத சாப்பாடு கொடுத்தார்கள். சிறுநீரில் பிஸ்பீனால் ஏ சராசரியாக 66 சதவீதம் இறங்கியது. பழையபடி சாப்பிட்டதும் ஏறிவிட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல், ஒரு நாளைக்குத் தாங்கும் பிஸ்பீனால் ஏ அளவைப் பழையதைவிட 20,000 மடங்கு குறைத்துவிட்டது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவு படும் பொருட்களில் அதற்குத் தடையே போட்டது. இதைப் படித்துக் காட்டியதும் அவர் ஒன்றும் பேசவில்லை, ஹோஸைக் கழற்றினார்.

பிளாஸ்டிக்கைவிட முக்கியமான இரண்டு விஷயம் உண்டு. இதைப் படித்துவிட்டுக் கவரை விட்டு, இவற்றைக் கோட்டைவிட்டால் பிரயோஜனமில்லை.

ஒன்று மாத்திரை. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஓரகத்திக்குக் கர்ப்பகாலத்தில் இரும்புச்சத்தும் கால்சியமும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றையும் ஒன்றாகக் காலையில் முழுங்கிக்கொண்டிருந்தாள், டி.எஸ்.எச். இறங்கவே இல்லை. இரும்பும் கால்சியமும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். நாலு மணி நேரம் இடைவெளி விட்டதும் அடுத்த பரிசோதனையில் வித்தியாசம் தெரிந்தது. கர்ப்பம் உறுதியானால் ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்களுக்கு அளவு கூட்ட வேண்டிவரும். அடுத்த செக்கப் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் லேபில் அதைச் சொல்லிவிட வேண்டும். ரிசல்ட்டையே மாற்றிக் காட்டும்.

இரண்டாவது உப்பு. பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்ட கையோடு இந்துப்புக்கு மாறுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதில் நம்பத்தகுந்த அளவில் அயோடின் கிடையாது. வீட்டுக்கு வரும்போது 15 பி.பி.எம். (கிலோவுக்கு 15 மில்லிகிராம்) அயோடின் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது அயோடின் சேர்த்த உப்புக்குத்தான். தைராய்டுக்கு அயோடினே கிடைக்காத உடம்பில் சில ரசாயனங்கள் கூடுதலாக ஆட்டம் காட்டலாம். முழுகாமல் இருக்கிற பெண் உள்ள வீட்டில் இந்துப்பு மட்டும் என்பது எனக்குச் சம்மதமில்லை.

ஓரகத்திக்குப் பெண் குழந்தை. மூன்றாம் நாள் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்த்த டி.எஸ்.எச். சரியாக இருந்தது. இந்தப் பரிசோதனை எல்லா ஆஸ்பத்திரியிலும் தானாக நடக்காது, கேட்டு வாங்குங்கள். சரியாக இருந்ததற்குக் கவரை விட்டது காரணமா என்றால், மாத்திரையை நேரத்துக்குப் போட்டது என்றுதான் சொல்வேன். சொந்தக்காரர் ஒருவர் தன் குழந்தையின் பழைய ஃபீடிங் பாட்டில்களைப் பாசமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அடியில் 7. திருப்பிக் கொடுத்தால் மனஸ்தாபம் என்று வாங்கிவைத்துக்கொண்டு, தேவைப்பட்டபோது பாலாடையிலேயே புகட்டினோம்.

இப்போது என் கவலை பில் ரோல். பிஸ்பீனால் இல்லாத ரோல் வெளிமாநிலத்தில் கிடைக்கிறது என்கிறார் எங்களுக்கு ரோல் போடுகிறவர். ஒரு பெட்டியாக எடுத்தால்தான் கட்டுப்படியாகுமாம், தனி மெஸ்ஸுக்காக வரவழைக்க முடியாதாம். எதிர் பேக்கரிக்காரரும் மருந்துக்கடை அண்ணனும் சேர்ந்துகொள்கிறேன் என்றிருக்கிறார்கள். மருந்துக்கடையில் கல்லாவில் இருக்கும் பெண்ணுக்கு இது ஐந்தாவது மாதம். அதனால் அவர்தான் என்னைவிட அவசரப்படுத்துகிறார்.